டேவிஸா, கிராஃபோர்டா?

கேள்வி: பழைய ஹாலிவுட்டின் பெட்டி டேவிஸ், ஜோன் கிராஃபோர்ட் இருவரில் யார் பெரிய நடிகை? கடைசி மூச்சுவரை ஒருவரையொருவர் வெறுத்தார்களாமே! ஒரே துறையில் இரண்டு பெண்கள் இருந்தால் இப்படித்தான் முடியும் என்கிறார் என் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: முதல் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லிவிடுகிறேன். நடிப்பில் பெட்டி டேவிஸ்தான்.

திரையில் எப்போதும் அழகாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயத்தை 1930-களிலேயே உதறியவர் அவர். 1934-இல் 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' படத்தில் நோயில் உருக்குலைந்து சாகும் பெண்ணாக நடித்தபோது, அந்த உருக்குலைவு முகத்தில் தெரிந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1939-இல், முப்பத்தோரு வயதில், முதிய எலிசபெத் அரசியாக நடிப்பதற்காக முன்தலை முடியை மழித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து நடித்த 'வாட் எவர் ஹாப்பன்ட் டு பேபி ஜேன்' (1962) படத்தில் அவர் முகத்தில் அப்பியிருக்கும் வெள்ளைப் பூச்சும் அவருடைய யோசனையே. குழந்தை நட்சத்திரமாக இருந்து கிழவியாகிவிட்ட இந்த ஜேன் முகம் கழுவவே மாட்டாள், நேற்றைய பூச்சின் மேலேயே இன்றும் பூசிக்கொள்வாள் என்று யோசித்து, தானே பூசிக்கொண்டார். சிறுமியாக மேடையில் பாடிய பாட்டை ஜேன் தனியாகப் பாடிப் பார்க்கிறாள். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுகிறது, எதிரே கண்ணாடி. பார்த்த மறுகணம் அலறி முகத்தை மூடிக்கொள்கிறாள். அந்தச் சில விநாடிகளில் டேவிஸ் செய்திருப்பதை இன்றுவரை வேறொருவர் செய்து நான் பார்த்ததில்லை.

இதனால் கிராஃபோர்ட் சிறியவராகிவிடுவாரா? மாட்டார். அவர் நடந்த பாதை கடினமானது. லூசில் லசூர் என்ற ஏழை வீட்டுப் பெண் 1925-இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் நுழைந்தபோது வெறும் நடனக்காரி. 'ஜோன் கிராஃபோர்ட்' என்ற பெயரே ஒரு பத்திரிகை வாசகர்களுக்கு வைத்த போட்டியில் கிடைத்ததுதான். ஊமைப்படத்திலிருந்து பேசும்படத்துக்கு வந்தபோது எத்தனையோ நட்சத்திரங்கள் காணாமல் போனார்கள். இவர் நிலைத்தார். 1938-இல் தியேட்டர் உரிமையாளர்கள் 'வசூலுக்கு விஷம்' என்று சில நட்சத்திரங்களைப் பெயர் சொல்லி விளம்பரம் கொடுத்தார்கள். கிரேட்டா கார்போவோடும் கேதரின் ஹெப்பர்னோடும் இவர் பெயரும் அதில் இருந்தது. 1943-இல் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த எம்.ஜி.எம்.-ஐ விட்டு, டேவிஸ் கோலோச்சிக்கொண்டிருந்த வார்னர் பிரதர்ஸுக்கு வந்தார். 'மில்ட்ரட் பியர்ஸ்' படத்துக்கு இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸ் இவரை விரும்பவில்லை. அவ்வளவு பெரிய நட்சத்திரம், புதுமுகத்தைப் போலச் சோதனைக் காட்சியில் நடித்துக் காட்டி அந்த வேடத்தைப் பெற்றார், அதற்கே ஆஸ்கரும் வாங்கினார். டேவிஸ் திறமையால் மேலே வந்தவர் என்றால், கிராஃபோர்ட் விழுந்து விழுந்து எழுந்தவர்.

'பேபி ஜேன்' படத்தில் சக்கர நாற்காலியில் முடங்கிய அக்காவாக அவர் அடங்கி நடித்ததால்தான் டேவிஸின் ஆர்ப்பாட்டம் எடுபட்டது. டேவிஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, கிராஃபோர்டுக்குக் கிடைக்கவில்லை. அது அநியாயம் என்பதே என் கருத்து.

இனி பகை. இருந்தது, மறுக்கவில்லை. 1963 ஏப்ரலில், சாண்டா மோனிகா அரங்கில் ஆஸ்கர் விழாவில் நடந்ததற்குச் சாட்சியே உண்டு. போட்டியிலிருந்த ஆன் பான்கிராஃப்ட் நியூயார்க்கில் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். 'நீங்கள் ஜெயித்தால் உங்கள் சார்பில் நான் வாங்கிக்கொள்கிறேன்' என்று கிராஃபோர்ட் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அன்றிரவு மேடைக்குப் பின்னால் இருவரும் நிற்கிறார்கள். டேவிஸுக்கு அது மூன்றாவது ஆஸ்கராக இருந்திருக்கும். அதுவரை எந்த நடிகையும் மூன்று வாங்கியதில்லை. பான்கிராஃப்டின் பெயர் ஒலிக்கிறது, கிராஃபோர்ட் டேவிஸைக் கடந்து மேடையேறுகிறார். அதை டேவிஸ் கடைசிவரை மன்னிக்கவில்லை. படத்தின் லாபத்தில் கிராஃபோர்டுக்கும் பங்கு இருந்தது, டேவிஸ் ஜெயித்திருந்தால் அவருக்கும் வருமானம் கூடியிருக்கும் என்பதுதான் வேதனை. படப்பிடிப்பில் நடந்ததாகச் சொல்லப்படும் மற்ற சண்டைக் கதைகளில் பாதிக்கு மேல் விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கியவை. அவற்றில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

உங்கள் நண்பருக்குச் சொல்ல வேண்டியது வேறு. இந்தப் பெண்களின் வாழ்க்கையை ஆட்டிப்படைத்தது இன்னொரு பெண் அல்ல, ஸ்டுடியோ ஒப்பந்தம். கொடுத்த படத்தில் நடித்தே ஆக வேண்டும், மறுத்தால் சம்பளமில்லாமல் இடைநீக்கம். 1936-இல் மட்டமான கதைகளில் நடிக்க மாட்டேன் என்று டேவிஸ் இங்கிலாந்துக்குப் போனார். வார்னர் அங்கேயும் போய் வழக்குத் தொடுத்தது. 'நடிக்கச் சொல்லி உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் வேறு யாருக்கும் நடிக்கக் கூடாது என்று தடுக்க முடியும்' என்ற அடிப்படையில் லண்டன் நீதிமன்றம் தடை விதித்தது. அவருடைய அப்போதைய கணவரின் பெயரைத் தாங்கிய 'வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன்' வழக்கை நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒப்பந்தச் சட்டத்தில் இன்றும் படிக்கிறார்கள். அந்த நெல்சன் யார் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

டேவிஸ் தோற்ற அந்தச் சண்டையை ஜெயித்தவர், அதே வார்னரில் வேலை செய்த ஒலிவியா டி ஹாவிலண்ட். ஏழாண்டு ஒப்பந்தம் 1943-இல் முடிந்தது. இடைநீக்கம் செய்த நாட்களுக்கு ஈடாக இன்னும் ஆறு மாதம் உழைக்க வேண்டும் என்றது ஸ்டுடியோ. ஏழு ஆண்டு என்றால் நாட்காட்டியில் ஏழு ஆண்டுதான் என்று அவர் நீதிமன்றம் போனார். வழக்கு நடந்த காலம் முழுவதும் படமில்லை. 1944-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் அங்கே அதன் பெயர் 'டி ஹாவிலண்ட் சட்டம்'. நடிகர்கள் மட்டுமல்லாமல் இசைக்குழுவினரும் ஒப்பந்தச் சண்டை வரும்போது அதை எடுத்துக்காட்டுகிறார்கள். விடுதலை கிடைத்தபின் ஒலிவியா இரண்டு ஆஸ்கர் வாங்கினார். தங்கை ஜோன் ஃபான்டெய்னோடு அவருக்கு இருந்த மனத்தாங்கலைப் பற்றி எழுதியவர்களில் பத்தில் ஒருவராவது இந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதியிருக்கலாம்.

இன்னொன்றையும் உங்கள் நண்பர் கேட்கட்டும். டேவிஸும் ஒலிவியாவும் ஒரே ஸ்டுடியோவில், ஒரே முதலாளியின் கீழ், நல்ல வேடங்களுக்காகக் காத்திருந்தவர்கள். சேர்ந்தும் நடித்தார்கள். ஆயுள் முழுக்க நண்பர்களாகவே இருந்தார்கள். 'பேபி ஜேன்' வெற்றிக்குப் பின் எடுத்த அடுத்த படத்திலிருந்து கிராஃபோர்ட் உடல்நலக் குறைவால் விலகியபோது, அந்த இடத்துக்கு வந்தவரும் ஒலிவியாதான். 'ஒரே துறையில் இரண்டு பெண்கள்' என்ற விதி இங்கே ஏன் செல்லவில்லை?

டேவிஸும் கிராஃபோர்டும் மோதிய காலத்தையும் பாருங்கள். 1962-இல் இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த ஆண்டு டேவிஸ் சினிமாத் தொழில் பத்திரிகைகளில் 'வேலை தேவை' என்று விளம்பரமே கொடுத்தார். விளையாட்டாகச் செய்ததாகப் பிறகு சொன்னார், ஆனால் அதிலிருந்த கோபம் விளையாட்டல்ல. அடுத்த ஆண்டு வந்த 'ஷரேட்' படத்தில், ஐம்பத்தொன்பதை எட்டிய கேரி கிராண்ட், தன்னைவிட இருபத்தைந்து வயது இளையவரான ஆட்ரி ஹெப்பர்னுக்குக் காதலன். அதே வயதுப் பெண்களுக்கு மிஞ்சியது பேய்த்தோற்றக் கிழவி வேடம் மட்டும்தான். ஒரே ஒரு நாற்காலியை நடுவில் போட்டுவிட்டு, அதற்காக இரண்டு பேர் முட்டிமோதுவதை வேடிக்கை பார்த்தது ஹாலிவுட்.

2017-இல் இந்தப் பகையையே தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். அதில் தன்னை வம்பு பேசுபவராகக் காட்டியிருக்கிறார்கள் என்று, நூற்றொன்றாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் ஒலிவியா வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றார். கருத்துச் சுதந்திரம் கருதி அந்தத் தீர்ப்பு சரியே என்று நினைக்கிறேன். ஆனாலும் அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது.

உங்கள் நண்பரை மூன்று படங்கள் பார்க்கச் சொல்லுங்கள்: கிராஃபோர்டின் 'மில்ட்ரட் பியர்ஸ்', டேவிஸின் 'தி லெட்டர்', ஒலிவியாவின் 'தி ஏரஸ்'. பார்த்தபின் அவரே எழுதட்டும், பிரசுரிக்கிறேன்.