அரிசி களைவது போல மணலைக் களையுங்கள்

மீன்தொட்டி: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்றடிக்கு ஒன்றரை அடி கடல்நீர்த் தொட்டி எட்டு மாதமாக ஓடுகிறது. அடியில் மணல் இல்லை, வெறும் கண்ணாடிதான். இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் பொத்தான் பவளம். போன மாதம் மஞ்சள் ராஸ் என்கிற மீன் ஒன்று வாங்கினோம். விளக்கை அணைத்ததும் அது புதைய இடம் தேடிக் கண்ணாடியில் மூக்கை முட்டுகிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது. இப்போது மணல் போட்டால் தண்ணீர் கலங்கிவிடுமா? மீன்களை வெளியே எடுக்க வேண்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: மீன்களை எடுக்க வேண்டாம். வலை போட்டுத் துரத்துவதுதான் அவற்றுக்குப் பெரிய தொந்தரவு. மணல் போடத்தான் வேண்டும், அதுவும் சீக்கிரம். மஞ்சள் ராஸ் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்குகிற மீன். கண்ணாடியில் முட்டி முட்டி வாய் புண்ணாகிவிட்டால் சாப்பாட்டை நிறுத்திவிடும்.

கலங்கலுக்குக் காரணம் மணலோடு வருகிற மாவு. பவள மணல் மூட்டையில் ஒன்றோடொன்று உரசி, சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒரு தூள் சேர்ந்திருக்கும். என் முதல் தொட்டிக்கு மணல் வாங்கியபோது, "கழுவின மணல்தான் சார், அப்படியே போடலாம்" என்றார் கடைக்காரர். 20 கிலோவை மூட்டையோடு கவிழ்த்தேன். நான்கு நாள் மீன் கண்ணிலேயே படவில்லை. பொத்தான் பவளம் மேலெல்லாம் மாவு படிந்து, இரண்டு வாரம் மூடியே கிடந்தது. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் நானே கழுவிவிடுகிறேன்.

உங்கள் தொட்டிக்குக் கணக்கு இது: 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், ராஸ் புதைய 5 செ.மீ. உயரம். சுமார் 20 லிட்டர் மணல், எடையில் 30 கிலோ. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணியாக வாங்குங்கள். சர்க்கரைப் பொடி மாதிரி நைசாக இருந்தால் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் விசிறி) ஓடும்போதெல்லாம் பறக்கும். கரடுமுரடான பவளத் துண்டு மீனின் உடம்பைக் கீறும்.

கழுவுவதில்தான் முக்கால்வாசி வேலை. வாளியில் இரண்டு மூன்று கிலோ மட்டும் போட்டு, தண்ணீர் விட்டு, கையை அடிவரை விட்டுக் கிளறி, உடனே மேல்தண்ணீரைச் சாய்த்துவிடுங்கள். அரிசி களைகிற அதே கைவாகுதான். முதல் தண்ணீர் மோர் மாதிரி வரும். பத்துப் பதினைந்து தடவை ஆகலாம். வாளியின் அடியில் கையை விரித்தால் உள்ளங்கை ரேகை தெரிய வேண்டும், அதுவரை விடாதீர்கள். கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில். ஈரப் பொட்டலத்தில் வருகிற 'லைவ் சாண்ட்' என்றால் மட்டும் குழாய்த் தண்ணீர் படக்கூடாது, அதிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய உப்புநீரில் ஒரு அலசு போதும்.

இனி போடுகிற விதம். இரண்டு அங்குல பி.வி.சி. பைப் ஒன்று, தொட்டி உயரத்தைவிட அரையடி கூடுதலாக. மேலே ஒரு புனல். வேவ்மேக்கர், பம்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் தண்ணீர் ஓடாமல் நின்றால் ஆக்சிஜன் குறையும், அதனால் குமிழி விடுகிற காற்றுக்கல் ஒன்றை மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். பைப்பை அடிக்கண்ணாடியில் ஊன்றிப் பிடித்து, தொட்டித் தண்ணீரில் நனைத்த மணலைக் குவளை குவளையாக விடுங்கள். காய்ந்த மணல் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், குமிழி மேலே வரும்போது தூளும் கூடவே வரும். ஒரு குவளை போட்டதும் அரை நிமிடம் பொறுங்கள். அப்புறம் பைப்பை ஒரு விரற்கடை மட்டும் தூக்கினால் மணல் தானாகச் சரிந்து பரவும். மாவு பைப்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

முப்பது கிலோவையும் ஒரே நாளில் போட வேண்டாம். வாரத்துக்குப் பத்துக் கிலோ என்று மூன்று தவணை. முதல் தவணையை முழுக்கப் பரப்பாமல், ராஸ் முட்டுகிற அந்த மூலையிலேயே இரண்டு அங்குலம் கட்டிவிடுங்கள். காலையில் வேலையை முடித்தால், விளக்கு அணைவதற்குள் தெளிந்துவிடும். அன்றிரவே அது தலைகுப்புற மணலில் பாய்வதைப் பார்ப்பீர்கள். அடுத்த தவணைகளில் பைப் வைக்கிற இடத்தில் அது புதைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: 30 கிலோ மணல் கிட்டத்தட்ட 10 லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கும். சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கிற வடிகட்டித் தொட்டி) வைத்திருந்தால் அந்தத் தண்ணீர் அங்கே போய் நிற்கும். கரண்ட் போகும்போது தொட்டித் தண்ணீரும் கீழே இறங்க, சம்ப் வழிந்து கூடமெல்லாம் உப்புநீர் ஆகிவிடும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் மூன்று நான்கு லிட்டர் எடுத்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பம்பைப் போட்டு, வடிகட்டியில் வெள்ளைப் பஞ்சு வையுங்கள். பஞ்சை அன்று இரண்டு தடவையாவது மாற்றுங்கள். பவளத்தில் படிந்ததைச் சிரிஞ்சால் மெதுவாக ஊதிவிடுங்கள். மூன்று நாளாகியும் தெளியவில்லை என்றால் பாறையைப் பாருங்கள். மாவு என்றால் பாறையில் படிந்திருக்கும். எங்கும் படியாமல் தண்ணீர் முழுக்கப் பால் மாதிரி நின்றால் அது பாக்டீரியா பெருக்கம். அதற்குக் காற்றைக் கூட்டுங்கள், தீனியைக் குறையுங்கள், அம்மோனியா பாருங்கள். தெளிய வைக்கிற மருந்து எதுவும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ராமேஸ்வரம் போகிறோம். கரையில் கிடக்கிற மணலையும் பவளத் துண்டுகளையும் கொண்டுவந்து தொட்டியில் போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: தயவுசெய்து வேண்டாம். கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கரையில் செத்து ஒதுங்கியது என்று சொல்லித் தப்ப முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கரை மணலில் படகு எண்ணெயும் அழுகின பாசியும் கலந்திருக்கும், எவ்வளவு களைந்தாலும் போகாது. கடையில் பவள மணல் வாங்கிக்கொள்ளுங்கள். அது கரைந்து தண்ணீரின் காரத்தன்மையைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பி.எச். 8-க்கு மேல் இருக்கிற தொட்டியில் அது பெரிதாகக் கரையாது.