அபாகஸ் மிஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிக்கூடம் திறந்ததும் அபாகஸ் (கம்பியில் கோத்த மணிகளைத் தள்ளிக் கணக்குப் போடும் சட்டம்) பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: நல்ல மிஸ்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது? சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

பொண்ணுக்கு நாலு வயசு, எல்கேஜி போறா. பக்கத்து வீட்டுக் குழந்தை அபாகஸ் போகுது. இப்பவே சேர்த்தலாங்களா? (பல்லடம்)

வேண்டாம். 100 வரை தடுமாறாமல் சொல்லட்டும், எண்களைத் திருப்பிப் போடாமல் எழுதட்டும். ஆறு வயதில் வாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சென்டர், ஒரு பேட்சுக்கு 25 பேர். நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு அக்கா வீட்டுலயே எட்டுப் பேருக்கு நடத்தறாங்க, போர்டுகூட இல்லைங்க. எதுல சேர்த்தறது? (ஈரோடு)

அந்த அக்காவிடம் போங்கள். ஆனால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். கண்ணபுரம் சந்தையில் பல்லைப் பிடித்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுத்தான் மாட்டுக்கு விலை பேசுகிறோம். பிள்ளையைச் சேர்க்கும் இடத்தில் நோட்டீஸைப் பார்த்தே ரசீது வாங்கிவிடுகிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உட்கார்ந்ததும் விரலைப் பாருங்கள். கீழ் மணியை ஏற்றுவது கட்டைவிரல். கீழ் மணியை இறக்குவதும், மேல் மணியை நகர்த்துவதும் ஆள்காட்டி விரல். ஒரு குழந்தை எல்லாவற்றையும் ஆள்காட்டி விரலாலேயே தள்ளிக்கொண்டிருக்கும், விடையும் சரியாக வரும். அந்த அக்கா நின்று அந்தக் கையைப் பிடித்துத் திருத்துகிறாரா, அல்லது விடைக்கு டிக் போட்டுவிட்டு நகர்கிறாரா? திருத்தினால் சேர்த்துவிடுங்கள். 25 பேரின் விரலை ஒரே ஆள் பார்ப்பது நடக்காத காரியம்.

நல்ல சென்டர் சொல்லவும். அவசரம். (ஊர் இல்லை)

வயது இல்லை, வகுப்பு இல்லை, ஊர்கூட இல்லை. நான் எதை வைத்துச் சொல்வது? பிள்ளையைப் பற்றி நாலு வரி எழுத நேரமில்லை என்றால், தினமும் 15 நிமிடம் பயிற்சிக்குப் பக்கத்தில் யார் உட்காருவது? வீட்டுப் பயிற்சி இல்லாமல் எந்த மிஸ்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.

பொண்ணு மூணாவது படிக்கறா. ஒம்பது மாசத்துல மூணு லெவல் முடிச்சு மூணு சர்டிபிகேட் வாங்கிட்டா, கோப்பைகூட ஒண்ணு இருக்கு. வீட்டுல 7+6 கேட்டா மேசைக்கு அடியில விரல் விட்டு எண்றா. நாலாவது லெவலுக்குப் பணம் கட்டச் சொல்றாங்க. கட்டலாங்களா? (திருப்பூர்)

கட்டாதீர்கள். இதைப் பற்றி ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இன்னும் எழுதத்தான் போகிறேன்.

நீங்கள் கேட்ட 7+6 சாதாரணக் கணக்கு இல்லை. ஒரு கம்பியில் மேல் மணி ஒன்று, அதற்கு மதிப்பு 5; கீழ் மணி நாலு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பு 1. 7 என்றால் மேல் மணி ஒன்று, கீழ் மணி இரண்டு. 6-ஐ அப்படியே சேர்க்க மணி இல்லை. 10 சேர்த்து 4 எடுக்கலாம் என்றால் எடுப்பதற்குக் கீழே நாலு மணியும் இல்லை. ஆகவே கீழே ஒன்றை ஏற்றி, மேலே 5-ஐ எடுத்து, அடுத்த கம்பியில் 10-ஐ வைக்க வேண்டும். ஸ்மால் ஃப்ரெண்டும் (5-க்கு ஜோடி சேரும் எண்ணை வைத்துப் போடுவது) பிக் ஃப்ரெண்டும் (10-க்கு ஜோடி சேரும் எண்ணை வைத்துப் போடுவது) தனித்தனியாகக் கைக்குப் பழகிய பிறகுதான் இந்தக் கலப்பு வரும். முதல் இரண்டும் பழகுவதற்குள் மூன்றாவது புத்தகத்தைக் கையில் கொடுத்தால் குழந்தை என்ன செய்யும்? விரல் விட்டு எண்ணத்தான் செய்யும்.

சில வருடங்களுக்கு முன்னால், வேறொரு ஊரில் ஐந்து லெவல் முடித்த எட்டு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். 3-ஐ வைத்து 4-ஐக் கூட்டு என்றேன். மூன்று கீழ் மணியை ஏற்றினான். மிச்சம் ஒரு மணிதான். மேலே 5-ஐ வைத்து, கீழே 1-ஐ எடுக்க வேண்டும். அவன் கட்டைவிரல் அந்த மிச்ச மணி மேலேயே நின்றுவிட்டது. கூரையைப் பார்த்தான், உதடு லேசாக அசைந்தது. பிறகு எல்லா மணியையும் கலைத்துவிட்டு, பளிச்சென்று 7-ஐ வைத்துக் காட்டினான். வாய்க்குள் எண்ணிய விடையை மணியில் வைத்துக் காட்டியிருக்கிறான், அவ்வளவுதான். ஐந்து லெவலும் அப்படியே கடந்து வந்திருக்கிறான், ஒருவரும் அவன் கையைப் பார்க்கவில்லை. மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினோம். ஸ்மால் ஃப்ரெண்டுக்கு மட்டும் நாலு மாதம் ஆயிற்று. அவன் அம்மாவுக்கு ஏற்பட்ட வருத்தத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு லெவல் என்பது ஃபீஸுக்கும் புத்தகத்துக்கும் போட்ட கணக்கு. பிள்ளைக்குப் பிள்ளை அது மாறும். அதனால் சேர்க்கும் முன்னால் மிஸ்ஸிடம் இதைக் கேளுங்கள்: "கடைசியா எந்தக் குழந்தையை அடுத்த லெவலுக்கு அனுப்பாம நிறுத்தி வெச்சீங்க, ஏன்?" நல்ல மிஸ் உடனே சொல்வார், அந்தக் குழந்தை எந்தக் கணக்கில் தடுமாறியது என்பது வரை சொல்வார். "எங்ககிட்ட எல்லாருமே பாஸ்தாங்க" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், எல்லா லெவலுக்கும் சேர்த்து மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். தள்ளுபடி கொடுத்தாலும் கட்டாதீர்கள்.

உங்கள் மகளுக்கு இப்போது புதுப் புத்தகம் தேவையில்லை. இரண்டாம் லெவல் புத்தகத்தையே திரும்பப் போடச் சொல்லுங்கள். சென்டரில் மறுத்தால் வேறு இடம் பாருங்கள். குழந்தையைத் திட்ட வேண்டாம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

வலது மூளை வளரும், ஞாபகசக்தி கூடும், எல்லாப் பாடத்துலயும் மார்க் ஏறும்னு டெமோ கிளாஸ்ல சொன்னாங்க. நெசங்களா? (சிங்காநல்லூர்)

கணக்குப் போடும் திறன் வளரும், மற்றதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். குஜராத்தில் வதோதராவில் சுமார் 200 பள்ளிக் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அபாகஸ் கற்றுக்கொடுத்து மூன்று வருடம் கவனித்தார்கள். 2016-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அபாகஸ் படித்தவர்கள் கணக்கில் முந்தினார்கள். ஞாபகசக்தி, பொது அறிவுத்திறன் போன்றவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. படத்தை மனசில் நிறுத்தி வைக்கும் திறன் ஏற்கெனவே இருந்த பிள்ளைகளுக்குப் பலன் அதிகமாகக் கிடைத்தது. மனக்கணக்குத் தெளிவாக வருவதே பெரிய விஷயம். அதைப் பற்றி மட்டும் பேசுகிற மிஸ்ஸைத் தேடுங்கள்.

நான் பையனோட அப்பிச்சிங்க. யூடியூப் பார்த்து நானே சொல்லித்தரலாம்னு அபாகஸ் வாங்கினேன். வீடியோவுல மேல ஒரு மணி, கீழ நாலு. என்னோடதுல மேல ரெண்டு, கீழ அஞ்சு. ஏமாத்திட்டாங்களா? (கோபிசெட்டிபாளையம்)

இல்லைங்க ஐயா, நீங்கள் வாங்கியது சீன அபாகஸ். நம் ஊர் வகுப்புகளில் பழக்குவது ஜப்பானின் சொரோபான், அதில் மேலே ஒன்று, கீழே நாலு. அதை வாங்கிக்கொள்ளுங்கள். 1-லிருந்து 9 வரை வைத்து எடுப்பதை நீங்கள் தாராளமாகப் பழக்கலாம். ஸ்மால் ஃப்ரெண்ட் தொடங்கும்போது மட்டும் விரல் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் அனுப்பிவிடுங்கள், ஒருமுறை தப்பாகப் பழகிய விரலைத் திருப்புவது பெரும்பாடு. கால், அரைக்கால், மாகாணி வாய்ப்பாடு உங்களுக்கு மனப்பாடமாக இருந்தால் அதையும் பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதைச் சொல்லித்தர உங்களை விட்டால் ஆள் இல்லை.

ஆன்லைன் வகுப்பு பரவாயில்லைங்களா? (பொள்ளாச்சி)

கேமரா குழந்தையின் முகத்தைக் காட்டினால் பயனில்லை. மேலிருந்து கையைக் காட்டும்படி வைக்கச் சொல்கிற மிஸ் என்றால் சேர்க்கலாம்.

பையன் வெறும் விடையை மட்டும் எழுதறான்னு ஸ்கூல் டீச்சர் திட்றாங்க. (நாமக்கல்)

டீச்சர் சொல்வது சரி. பள்ளியில் படிகளை எழுதித்தான் ஆக வேண்டும். விடையைச் சரிபார்க்க அபாகஸை வைத்துக்கொள்ளட்டும்.

மணி தள்ளும்போது பென்சிலைக் கீழே வைக்கச் சொல்றாங்க எங்க மிஸ். சரிங்களா? (தாராபுரம்)

கையிலேயே இருக்கட்டும். கடைசி இரண்டு விரலுக்குள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தள்ளலாம். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஒவ்வொரு கணக்குக்கும் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் போட்டியில் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.