வாசகர் கேள்வி – பதில்: சொந்த நாட்டு வரலாறு யாருக்கு எவ்வளவு தெரியும்?

மக்கள் தத்தம் நாட்டு வரலாற்றை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள் என்ற பொருளில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைய இளைஞர்களிடம் தம் நாட்டைப் பற்றி எளிய கேள்வி ஒன்றைக் கேட்டாலும் விழிக்கிறார்கள். முந்தைய தலைமுறைக்கு இருந்த வரலாற்று அறிவு எங்கே போயிற்று?

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் புதிதன்று. இந்த வருத்தத்துக்கு நூறாண்டுக்கும் மேலாக எழுத்துச் சான்று உள்ள நாடு அமெரிக்கா என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 1,500 மாணவர்களிடம் அமெரிக்க வரலாற்றின் மிக அடிப்படையான செய்திகளைக் கேட்டுச் சோதித்த ஆய்வு ஒன்று 1917-இல் வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பெற்ற சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 33. பல்கலைக்கழக மாணவர்களே 49-ஐத் தாண்டவில்லை. விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சனையும், ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்குப் பின் நாட்டிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களுக்குத் தலைமை தாங்கிய ஜெபர்சன் டேவிசையும் ஒருவரென்றே எண்ணியவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

1943-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் 7,000 பேரைச் சோதித்தது. நாட்டின் தொடக்கமான 13 குடியேற்றங்களின் பெயர்களை முழுமையாகச் சொன்னவர்கள் 6 விழுக்காட்டினர் மட்டுமே. பெரியவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1917-இல் பள்ளி மாணவர்களாக இருந்தவர்களே அந்தப் பெரியவர்கள் என்பதை அப்போது யாரும் நினைவூட்டியதாகத் தெரியவில்லை! 1987-இல் 17 வயதினரிடம் நாடளவில் எடுத்த தேர்வின் முடிவு வெளிவந்தபோதும் இதே கூக்குரல்தான். அன்றைய சராசரி 54.5 விழுக்காடு. 2022-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில், எட்டாம் வகுப்பினரில் வரலாற்றில் தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 13 விழுக்காட்டினர்.

இவை வெவ்வேறு வயதினருக்கு வைத்த வெவ்வேறு தேர்வுகள். ஒன்றின் மதிப்பெண்ணை மற்றொன்றோடு நிறுத்துப் பார்க்க இயலாது. இருப்பினும் எல்லாரும் எல்லா விடைகளையும் சொன்ன பொற்காலம் ஒன்றும் இந்தப் பதிவுகளில் தென்படவில்லை. முந்தைய தலைமுறைக்கு வரலாறு தெரிந்திருந்ததாக நமக்குத் தோன்றுவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. ஐம்பது வயதில் நாம் அறிந்திருப்பதைப் பதினைந்து வயதிலேயே அறிந்திருந்ததாக எண்ணிக்கொள்கிறோம். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் படித்ததும் கேட்டதும் கணக்கில் வருவதில்லை. கற்பித்தவருக்கோ இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆண்டுதோறும் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். மாணவர் அதை ஒரே ஒருமுறைதான் கேட்டார்.

கேள்வி: ஒரு நாட்டின் தலைவர்களில் சிலர் பெயர் மட்டும் நிலைத்து நிற்க, மற்றவர்கள் மறைந்துபோவது ஏன்? தகுதிதான் காரணமா?

பதில்: தகுதியும் ஒரு காரணம், இடமும் காலமும் அதைவிடப் பெரிய காரணங்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதச் சொல்லி 1974, 1991, 2009 ஆகிய ஆண்டுகளில் கல்லூரி மாணவர்களிடம் திரட்டிய விடைகளை உளவியலாளர்கள் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். மூன்று தலைமுறையினரும் முதல் சிலரையும் அண்மைக்காலத்தினர் சிலரையும் எழுதியிருந்தார்கள். நடுவில் ஆபிரகாம் லிங்கனும் அவரை ஒட்டி வந்தவர்களும் மட்டும் மேடாகத் தெரிந்தார்கள். கடைக்குப் போகும்போது மனத்தில் வைத்துக்கொண்ட பட்டியலில் முதலும் கடைசியும் நினைவிலிருக்க நடு மறந்துபோகுமே, அதே விதிதான். இரண்டாம் உலகப் போரை முடித்துவைத்த ட்ரூமனைக்கூட 2040 வாக்கில் பெரும்பாலோர் மறந்திருப்பார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. அவரைத் தம் வாழ்நாளில் பார்த்தவர்களால் நம்ப முடியாத செய்தி இது.

கேள்வி: குடிமகனாக இருக்க இத்தனை செய்திகள் தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுக்க முடியுமா?

பதில்: சில அரசுகள் வரையறுத்திருக்கின்றன. குடியுரிமை கோரும் வெளிநாட்டவருக்கு அமெரிக்கா 2008 முதல் நடத்திய தேர்வில், முன்கூட்டியே வெளியிட்ட 100 கேள்விகளிலிருந்து 10 கேட்டார்கள். 6-க்கு விடை சொன்னால் போதுமாக இருந்தது. 2018-இல் அந்தக் கேள்விகளை வைத்து அந்நாட்டுக் குடிமக்களிடமே ஓர் ஆய்வு நடந்தபோது, தேறக்கூடியவர்கள் மூவரில் ஒருவர் அளவில்தான் இருந்தார்கள்.

ஆனாலும் தேறியவர்களுக்கு வரலாறு தெரியும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2012-இல் பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய இங்கிலாந்தின் பழைய ஆவணமான மாக்னா கார்ட்டாவைப் பற்றிக் கேட்டதும் 1215 என்ற ஆண்டையும் ரன்னிமீட் என்ற இடத்தையும் சரியாகச் சொன்னார். அந்த இலத்தீன் சொற்களுக்கு என்ன பொருள் என்ற அடுத்த கேள்விக்கு விடை சொல்லவில்லை. ‘பெரும் சாசனம்’ என்பதுதான் பொருள். ஆண்டைக் கேட்கும் தேர்வில் அவருக்கு முழு மதிப்பெண். மன்னர் ஜான் முத்திரையிட்ட அந்தச் சாசனத்தைப் போப்பாண்டவர் பத்தே வாரங்களில் செல்லாது என்று அறிவித்ததும், மன்னர் இறந்த பிறகு அதைத் திருத்தித் திரும்பத் திரும்ப வெளியிட்டதால்தான் அது உயிர் பிழைத்தது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? 1215 என்ற எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

கேள்வி: என் நாட்டு வரலாறு எனக்கு நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாதவர்களைப் பற்றிக் கவலைப்படுகிற நீங்கள், தெரிந்தவர்களைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

பதில்: உண்மையைச் சொன்னால், என் கவலை அவர்களைப் பற்றியதுதான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

35 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம், உலக வரலாற்றில் உங்கள் நாட்டின் பங்கு எத்தனை விழுக்காடு என்று கேட்ட ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. உலகம் முழுவதற்கும் சேர்த்து மொத்தம் 100 என்பது கேள்வியிலேயே தெளிவு. அந்த 35 நாடுகளின் சராசரி விடைகளைக் கூட்டினால் 1,156 வருகிறது! மிக அதிகமாகக் கேட்டவர்கள் ரஷ்யர்கள், ஏறத்தாழ 61 விழுக்காடு. மிகக் குறைவாகக் கேட்ட சுவிட்சர்லாந்தினர்கூட 11 விழுக்காடு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு, இரண்டாம் உலகப் போரில் கிடைத்த வெற்றிக்குத் தம் நாடு எவ்வளவு காரணம் என்று கேட்டது. ரஷ்யர்கள் 75 விழுக்காடு என்றார்கள். அமெரிக்கர்களும் பிரிட்டானியர்களும் ஆளுக்குப் பாதிக்குச் சற்று மேல் என்றார்கள். நேச நாடுகள் எட்டின் விடைகளையும் கூட்டியபோது 309 விழுக்காடு வந்தது.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, ஒன்றும் தெரியாதவர்களும் அல்லர். தத்தம் பாடநூலில் விரிவாகப் படித்ததையே எடையாக வைத்தார்கள். அந்தப் போர் எப்போது தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். சீனர் 1937 என்பார். ஆங்கிலேயர் 1939 செப்டம்பர் என்பார். அமெரிக்கர் மனத்தில் 1941 டிசம்பரில் முத்துத் துறைமுகத்தில் (பேர்ல் ஹார்பர்) விழுந்த குண்டுகளே முதலில் வந்து நிற்கும். ரஷ்யர் அதை ‘பெரும் தேசப் போர்’ என்று அழைத்து 1941 ஜூன் 22-லிருந்து எண்ணுவார். அப்படி எண்ணினால், 1939 செப்டம்பர் 17 அன்று, ஜெர்மனியோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி சோவியத் படைகள் கிழக்குப் போலந்துக்குள் நுழைந்தது கதைக்கு வெளியே போய்விடுகிறது. போலந்தில் படித்த பிள்ளைக்கோ அந்த நாளை மறக்க இயலாது. பலியானோர் எண்ணிக்கையைப் பார்த்தால் சோவியத் மக்கள் கொடுத்த விலை மற்ற எவரும் கொடுத்ததைவிடப் பெரிது என்பதும் உண்மையே. அந்த உண்மை மற்ற நாட்டவர்களின் விடைகளில் மிகச் சிறியதாகச் சுருங்கிவிட்டது.

எர்னஸ்ட் ரெனான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1882-இல் பாரிசில் ஆற்றிய உரையில், ஒரு தேசம் உருவாவதற்கு மறதியும் வரலாற்றுப் பிழையும் தேவைப்படுகின்றன என்று பச்சையாகவே சொன்னார். வரலாற்று ஆராய்ச்சி முன்னேறுவது தேசிய உணர்வுக்கு ஆபத்தாகவும் அமையும் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் அதைக் குறையாகச் சொன்னாரா, ஒப்புதலாகச் சொன்னாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இதற்கு மாற்று மருந்தாக நடந்த முயற்சிகளில் எனக்குப் பிடித்தது, பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து எழுதி 2006 முதல் வெளியிட்ட பொதுப் பாடநூல். மூன்று பெரும் போர்களில் ஒன்றையொன்று அழிக்க முயன்ற இரு நாடுகளின் மாணவர்கள் ஒரே பக்கத்தைத் தத்தம் மொழியில் படித்தார்கள்.

கேள்வி: தாத்தாவுக்குத் தெரிந்த வரலாறு பேரனுக்குத் தெரியாமல் போவது சோம்பலால் மட்டும்தானா?

பதில்: இல்லை. படிக்கவே முடியாமல் போவதும் உண்டு. துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் அத்தாத்துர்க் 1927 அக்டோபரில் ஆறு நாட்கள், மொத்தம் 36 மணி நேரத்துக்கு மேல், விடுதலைப் போரின் கதையைச் சொல்லி ஓர் உரை ஆற்றினார். மறு ஆண்டு நவம்பரில் அவரே அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தைச் சட்டமாக்கினார்; பிறகு அரபு, பாரசீகச் சொற்களும் களையெடுக்கப்பட்டன. விளைவு, நாட்டைப் படைத்தவரின் அந்த உரையையே 1960-களில் ‘தற்காலத் துருக்கி’ மொழிக்கு மாற்றி அச்சிட வேண்டியதாயிற்று. பின்னர் மறுபடியும் மாற்றினார்கள். எழுத்தறிவு பெருகியதும் அதே சீர்திருத்தத்தால்தான். ஆனாலும் தாத்தாவின் கடிதமும் கல்லறை எழுத்தும் பேரனுக்கு வெறும் கோடுகள்.

இந்தியாவில் இதைவிட நீண்ட இருள் ஒன்று இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக், டோப்ரா என்ற ஊரில் நின்ற ஒற்றைக் கல்தூணை டெல்லிக்குக் கொண்டுவர விரும்பினார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து, அடியைத் தோண்டி, பஞ்சின்மேல் மெல்லச் சாயவைத்து, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி யமுனைக் கரைக்கு இழுத்துச் சென்று, படகுகளில் கொண்டுபோனார்கள். இத்தனை பாடுபட்டு நிறுத்திய தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிஞர்களை அழைத்துக் கேட்டபோது ஒருவராலும் படிக்க முடியவில்லை. 1837-இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி என்ற அந்தப் பழைய எழுத்தைப் படித்த பிறகே அது அசோகரின் ஆணை என்பது வெளிப்பட்டது. அதிலும் பிரின்செப் முதலில் அதை ஓர் இலங்கை மன்னனின் ஆணை என்றே நினைத்தார். இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களைப் புரட்டி, கல்வெட்டில் ‘பியதசி’ என்றிருப்பவர் அசோகரே என்று திருத்தினார். இன்று தம் சிங்கத் தூணும் சக்கரமும் நாட்டின் சின்னத்திலும் கொடியிலும் இடம்பெற்றுள்ள மன்னரை அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் பல நூற்றாண்டுகள் அறியவில்லை. சிந்துவெளி நாகரிகத்தைப் பற்றிய அறிவிப்போ 1924-இல்தான் வந்தது. அதற்கு முன் பள்ளியை முடித்தவரிடம் ஹரப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர் விழித்திருப்பார், அது அவர் குற்றமாகாது.

கேள்வி: எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு தேதியையாவது சொல்லுங்கள், அமெரிக்க விடுதலை நாள் 1776 ஜூலை 4 தானே?

பதில்: கொண்டாடும் நாள் அதுதான். விடுதலைக்கு ஆதரவாக, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய பேராயம் வாக்களித்தது ஜூலை 2. மறுநாள் பேராய உறுப்பினர் ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், இனி வரும் தலைமுறையினர் ஜூலை இரண்டாம் நாளை அணிவகுப்போடும் வாணவேடிக்கையோடும் கொண்டாடுவார்கள் என்று மகிழ்ந்திருக்கிறார். ஜூலை 4 அன்று நடந்தது பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது மட்டுமே. அதன் தலைப்பில் அந்தத் தேதி அச்சானதால் அதுவே நிலைத்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.