சிரமதானத்தில் சண்டை பிடிக்கும் ஐயா: விலக்கச் சொல்லலாமா?

சிரமதானத்தில் சண்டை பிடிக்கும் ஒரு ஐயாவை விலக்கும்படி பங்குத்தந்தையிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு அவரிடம் போக வேண்டாம். திருகோணமலையில் உங்கள் கோயில் வளவைத் துப்புரவாக்க வந்து, எல்லோரிலும் குறை பிடிக்கும் அந்த ஐயாவை முதலில் நீங்கள் தனியே சந்தியுங்கள். மத்தேயு 18:15-17 சொல்லும் ஒழுங்கும் அதுதான்: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேருடன், அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்கு.

இப்படியான கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒரு பழைய மனக்குறை கிடக்கும். அவர் பார்த்துவந்த பொறுப்பை ஒரு சொல் சொல்லாமல் வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். நீங்கள் பிடுங்கும் கோரையையே பாருங்கள். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். கறுத்த கிழங்கு மண்ணுக்குள் நின்று திரும்பவும் முளைக்கும். மாரி மழையில் மண் இளகியிருக்கும்போது மண்வெட்டியால் கிளறினால்தான் கிழங்கும் வரும். அதிலும் சிலது தப்பும், அது வேறு கதை.

அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள்: எல்லோரிடமும் எரிந்து விழுகிறாரா, ஒருவரிடம் மட்டுமா? ஒருவரிடம் மட்டும் என்றால் அந்த இருவரையும் இருத்திப் பேசினால் போதும்.

அப்புறம், கோதுமை வயலில் முளைத்த களைகள் பற்றிய இயேசுவின் உவமையைக் காட்டி அந்த ஐயாவைக் களை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே உவமையில் வேலையாட்கள் பிடுங்கக் கேட்டபோது, கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்று வீட்டுக்காரர் தடுத்துவிட்டாரே (மத்தேயு 13:29)!

ஆனால் பிள்ளைகள் மேல் கைநீட்டினாலோ, பெண்களிடம் தகாத பேச்சுப் பேசினாலோ இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். தனியே சந்திக்கவும் வேண்டாம். அன்றே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.