‘பிக் லைன்’ போடச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் வேலை. 14 வருஷமாகச் சுகர் இருக்கிறது. காலில் வந்த புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். 6 வாரம் ஊசி மருந்து ஏற்ற வேண்டுமாம். மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் வென்ஃப்ளான் ஊசி போட்ட இடமெல்லாம் இரண்டு நாளில் வீங்கிவிடுகிறது. இனி குத்த நரம்பு இல்லை, ‘பிக் லைன்’ போட்டுவிட்டால் வீட்டிலேயே மருந்து ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். குழாய் நெஞ்சு வரைக்கும் போகுமாமே, இதயத்தில் குத்திவிடாதா? வீட்டுக்கு நர்ஸ் அனுப்புவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கிரியாட்டினின் 2.1 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, அதற்கும் மாத்திரை தருகிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன் அம்மா. அந்தக் குழாய் இதயத்தைக் குத்தாது. முழங்கைக்கு மேலே, கையின் உட்புறத்தில் மரத்துப்போக ஒரு ஊசி போடுவார்கள். அல்ட்ராசவுண்டில் ரத்தக்குழாயைப் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயை உள்ளே நுழைப்பார்கள். ஒற்றை வழிக் குழாய் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. வளைந்து கொடுக்கிற மிருதுவான பொருள். அது அக்குள் வழியாகப் போய், உடம்பின் மேல்பாதி ரத்தமெல்லாம் இதயத்துக்குத் திரும்பி வருகிற பெரிய குழாயின் அடிப்பக்கத்தில் நிற்கும். நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலோ ஈசிஜி முறையிலோ உறுதி செய்த பிறகுதான் மருந்து ஏற்ற வேண்டும். மயக்க மருந்து தேவையில்லை. முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை.

அவ்வளவு தூரம் ஏன் கொண்டுபோகிறார்கள் என்றால், புறங்கைக் குழாயில் ரத்தம் கொஞ்சமாகத்தான் ஓடும். காரமான மருந்து அங்கே விழுந்தால் குழாயின் உள்சுவர் வெந்துபோகும். உங்கள் கணவருக்கு வென்ஃப்ளான் போட்ட இடம் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நெஞ்சிலிருக்கும் பெரிய குழாயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. மருந்து விழுந்ததும் கலந்துவிடும். கீமோ, ரத்தத்தில் நேராக ஏற்றும் ஊட்டச்சத்து, வாரக்கணக்கில் போகிற ஆன்டிபயாடிக் ஆகியவற்றுக்கு பிக் லைன் நல்ல வழிதான். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் எல்லோருக்கும் அதைப் போட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை. அமெரிக்காவில் மிச்சிகன் மருத்துவர்கள் முன்னின்று 2015-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். மருந்து 5 நாளோ அதற்குக் குறைவாகவோதான் என்றால் பிக் லைன் போடாதீர்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மருந்து காரமில்லாதது, இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும் என்றால், அக்குளோடு நின்றுவிடும் ‘மிட்லைன்’ போதும். “நரம்பு கிடைக்கல” என்பது மட்டுமே காரணமாகிவிடாது. ராத்திரி ஷிஃப்டில் வார்டு முழுவதற்கும் ஒரே சிஸ்டர் ஓடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் நரம்பு கிடைக்கும்? அல்ட்ராசவுண்டை வைத்துத் தேடினால் பலருக்குக் கிடைத்துவிடும். அந்த மெஷின் கீழே ஸ்கேன் அறையில் பூட்டிக் கிடக்கும், வார்டுக்கு வராது. உங்கள் கணவருக்கு 6 வாரம் என்பதால் நாள் கணக்குப்படி பிக் லைன் கேட்டது தப்பில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கிரியாட்டினின் 2.1 என்று, அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு அது. அவர் வயதுக்கு அந்த அளவு என்றால், கிட்னி வேலை செய்யும் திறன் 40-க்குக் கீழே வரும். ரிப்போர்ட்டில் ‘ஈஜிஎஃப்ஆர்’ என்று ஒரு எண் இருக்கும், பாருங்கள். இந்த நிலை மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது, எண் 45-க்குக் கீழே என்றால், கையில் பிக் லைன் போடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. கிட்னி டாக்டரைக் கேட்காமல் இப்படிப்பட்டவர்களுக்குப் போடாதீர்கள் என்று அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது கிரியாட்டினின் எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்க நம் ஊரில் பல இடங்களில் ஆள் இல்லை.

கிட்னிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சுகரால் கெடும் கிட்னி சிலருக்கு மெல்ல மெல்ல நின்றுபோகும். அப்போது டயாலிசிஸ் வேண்டும். பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அதற்கு நல்ல வழி, கையில் சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை இணைப்பது. ‘ஃபிஸ்டுலா’ என்பார்கள். இணைத்த குழாய் சில வாரங்களில் பருத்துத் தடிக்கும். பிறகு வருஷக்கணக்கில் அதிலேயே ஊசி போட்டு டயாலிசிஸ் செய்யலாம். பிக் லைன் போடுகிறார்களே, அதே மேல்கைக் குழாயும் அதே அக்குள் பாதையும்தான் ஃபிஸ்டுலாவுக்கும் வேண்டும். பிக் லைன் வாரக்கணக்கில் கிடந்தால் உள்சுவர் உரசி, ரத்தம் உறைந்து, பாதை சுருங்கிவிட வாய்ப்பு உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது, வலிக்காது. இரண்டு வருஷம் கழித்து ஃபிஸ்டுலா போடப் பார்க்கும்போதுதான் தெரியும். அப்புறம் கழுத்திலோ தொடையிலோ குழாயை வைத்துக்கொண்டு, அதில் தொற்று வந்து, காய்ச்சலில் படுத்து, மறுபடியும் அட்மிஷன். ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் இருந்து என்னிடம் வருகிற டயாலிசிஸ்காரர்களின் இரண்டு கையையும் தடவிப் பார்த்து, ஒரு நல்ல குழாய்கூடத் தட்டுப்படாமல் நின்றிருக்கிறேன்.

“டயாலிசிஸ் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். வராமலே போகலாம், அப்படி வராமலிருக்கத்தான் எல்லோரும் வேண்டுகிறோம். ஆனால் வந்தால் அந்தக் கைதான் அவருடைய மூலதனம். எல்லோருக்கும் அடைக்காதுதான், யாருக்கு அடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதே.

இன்னொரு பக்கமும் உண்டு. காலில் இவ்வளவு தொற்று இருக்கும்போது கிரியாட்டினின் தற்காலிகமாகவும் ஏறலாம். வலி மாத்திரை, சில ஆன்டிபயாடிக் ஆகியவையும் ஏற்றிவிடும். ஆகவே மூன்று மாதத்துக்கு முந்தைய பழைய ரிப்போர்ட் வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். அப்போது 1.0, 1.1 என்று இருந்து இப்போதுதான் ஏறியதென்றால், அது இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். போன வருஷமே 1.8, 1.9 என்று இருந்திருந்தால், கிட்னி டாக்டர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த மருத்துவமனையில் கிட்னி டாக்டர் இல்லையென்றால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு ஓ.பி.க்குப் போங்கள். நோயாளியை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், காகிதம் போதும். வரிசை நீளமாக இருக்கும், நில்லுங்கள்.

பிக் லைன் வேண்டாம் என்று கிட்னி டாக்டர் சொன்னால் மிட்லைனும் வேண்டாம். அதுவும் மேல்கைக் குழாய்தான். அதற்குப் பதிலாகக் கழுத்தில் சின்னக் குழாய் ஒன்றை நுழைத்து, தோலுக்கடியில் கொஞ்ச தூரம் கொண்டுவந்து நெஞ்சருகே வெளியே விடுவார்கள். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், இவருக்குக் கையைக் காப்பாற்றும் வழி அதுதான். அதுவரைக்கும் ரத்தம் எடுப்பதும் வென்ஃப்ளானும் புறங்கையில் மட்டும் இருக்கட்டும். முன்கையிலும் மேல்கையிலும் குத்த வந்தால் “கிட்னி பேஷண்ட், புறங்கையில் போடுங்க சிஸ்டர்” என்று நீங்களே சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குழாயே இல்லாமல் முடியுமா என்றும் கேளுங்கள். 2019-ல் பிரிட்டனில் எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரை வைத்து ஓர் ஆய்வின் முடிவு வந்தது. முதல் 6 வாரம் ஊசி மருந்து எடுத்தவர்களுக்கும், தொடக்கத்திலேயே மாத்திரைக்கு மாறியவர்களுக்கும் ஒரு வருஷம் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தக் கிருமி, எந்த மாத்திரைக்குக் கட்டுப்படும் என்று தெரிந்தால்தான் இது நடக்கும். அதற்கு எலும்பிலிருந்து எடுத்த துண்டு, கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ சோதனைக்குப் போயிருக்க வேண்டும். புண்ணின் மேலே துடைத்து எடுத்த பஞ்சு போதாது. “எலும்பு கல்ச்சர் ரிப்போர்ட் வந்துடுச்சா, மாத்திரையில முடியுமா டாக்டர்?” என்று ரவுண்ட்ஸில் கேளுங்கள்.

இதையெல்லாம் தாண்டி, கிட்னி டாக்டரும் சரி என்று சொல்லி, பிக் லைனே போடுகிறார்கள் என்று வையுங்கள். ஒற்றை வழிக் குழாய் கேளுங்கள். ஒரே மருந்து ஏற்ற இரட்டை வழி தேவையில்லை. வழி கூடக்கூட ரத்தம் உறைவதும் தொற்றும் கூடும். “கிட் வெளியே வாங்கிட்டு வாங்க” என்று சீட்டுக் கொடுத்து, கூடவே ஒரு ஆளையும் காட்டுவார்கள் சில இடங்களில். அட்டையிலிருக்கும் விலையைப் பாருங்கள், ரசீது வாங்குங்கள், கிட்டோடு வரும் ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்திருந்தால், தனியாகப் பணம் கேட்பது எதற்கு என்று அங்கேயே இருக்கும் திட்ட அலுவலரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வீட்டுக்கு நர்ஸ் அனுப்புகிறேன் என்கிறாரே, அந்த மனிதருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மருத்துவமனை கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடையில் நின்றுகொண்டு கார்டு நீட்டும் ஆட்களை வடசென்னை முழுக்கப் பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகும் குடும்பம் எது என்று வார்டில் யாரோ அவர்களுக்குச் சொல்கிறார்கள். அவர்கள் அனுப்பும் ஆள் வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார். படித்தது என்ன என்று கேட்டால் “எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு” என்பார். வயதானவரைக் குளிப்பாட்டுவதற்கு அந்த அனுபவம் போதும். நுனி இதயத்துக்குப் பக்கத்தில் நிற்கிற குழாயைத் திறக்கப் போதாது. கை கழுவாமல், ஸ்பிரிட் பஞ்சால் மூடியைப் பதினைந்து விநாடி அழுத்தித் தேய்க்காமல் சிரிஞ்சைச் சொருகினால், கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும். இன்னொரு கொடுமை: தினக்கூலி ஓடுகிறது என்பதற்காக, மருந்து முடிந்த பிறகும் “லைன் இருக்கட்டும், தேவைப்படும்” என்று நாளைத் தள்ளுவார்கள். வருகிறவரிடம் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். இழுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதைவிட, தினமும் ஒரு வேளை மருந்துதான் என்றால் மருத்துவமனைக்கே போய் ஏற்றிக்கொண்டு வருவது எவ்வளவோ மேல்.

லைன் இருக்கும் நாளில் அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, ஐஸ் பெட்டி தூக்கக் கூடாது. வேலைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பார், விடாதீர்கள். மீன் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அங்கே படவே கூடாது. மேலே ஒட்டும் கண்ணாடி பிளாஸ்திரியை 7 நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். நம் ஊர் வியர்வைக்கு ஓரம் கிளம்பிவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மாற்ற வேண்டும். சலைன் தள்ள 10 மில்லி சிரிஞ்சுதான். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் கிழியும். தள்ளும்போது அடைத்தால் பலம் கொடுக்காதீர்கள். கை வீங்கினாலோ, கழுத்துப் பக்கம் வலித்தாலோ, மருந்து ஏறியதும் குளிர்ஜுரம் வந்தாலோ, குழாய் வெளியே கொஞ்சம் நீண்டுவிட்டது போலத் தெரிந்தாலோ, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போது லைன் போட்ட தேதி, எந்தக் கை, உள்ளே எத்தனை சென்டிமீட்டர், எடுக்க வேண்டிய தேதி, இந்த நான்கும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. நான்கு பக்க சம்மரியில் காலைச் சிற்றுண்டிக்கு எத்தனை இட்லி என்றுகூட இருக்கும், உடம்புக்குள் ஒரு குழாய் கிடக்கிறது என்பது இருக்காது. எழுதித் தராமல் நகராதீர்கள். மருந்து முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுப்பது ஆபரேஷன் இல்லை; படுக்க வைத்து மெதுவாக இழுத்து, அழுத்திப் பிடித்து, கட்டுப் போடுவார்கள், சில நிமிஷ வேலை. வெளியே வந்த குழாயை அளந்து, போட்டபோது எழுதிய நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள்.