பார்க்கிங்கில் கூடும் சபை

கேள்வி: ராணிப்பேட்டையில், சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள் நான். ஒன்பது வருடமாக அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்குக் கிட்டே இருக்கிறது என்று போக ஆரம்பித்த பிரஸ்பிட்டேரியன் சபை இப்போது எங்கள் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. மே மாதம் சபைக் கூட்டத்தில் என்னை மூப்பராகத் தெரிந்தெடுத்தார்கள். ஊரில் என் தாத்தாவை 'எல்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு இப்படி ஒரு வேலை இருந்தது என்பதே இங்கே வந்துதான் தெரிந்தது. செப்டம்பரில் பிரதிஷ்டை. அதற்குமுன் செஷன், அதாவது சபையை நடத்தும் மூப்பர்கள் குழு, என்னைப் பரிசோதிக்கும். தன்பாலின ஈர்ப்பு உடையவர்களைப் பாகுபாடில்லாமல் ஏற்பது பற்றியும் புது விதிப்படி கேட்பார்களாம். அதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இதற்கிடையில் சபையில் ஒரு சாரார், 'இந்த டினாமினேஷனை (நம் சபை சேர்ந்திருக்கும் பெரிய சபைப் பிரிவை) விட்டே போய்விடலாம்' என்கிறார்கள். வி.பி.எஸ்.ஸில் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளியில்) ஆறு வருடமாக என்னோடு ஒரே மேஜையில் வேலை செய்யும் தோழி அவர்களில் ஒருத்தி. என் மகனுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவர் மறுபக்கம். ஆராதனை முடிந்ததும் பார்க்கிங்கில் இரண்டு வட்டம் கூடுகிறது. நான் எந்த வட்டத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்துகிறேன் என்றுகூடப் பார்க்கிறார்கள். 'இந்த வம்பே வேண்டாம், தமிழ்ச் சபைக்குப் போய்விடலாம்' என்கிறார் கணவர். பதவியை மறுத்துவிடவா? ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஆகஸ்ட் பாட்லக்குக்குப் போகாமல் இருந்துவிடவா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தக் கார் விஷயம். மரநிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிறுத்துங்கள். சார்லட் வெயிலில் வேறு காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது மாதக் கணக்குதான். மேயில் தேர்தல், ஜூலையில் சண்டை, செப்டம்பரில் பிரதிஷ்டை. கோடையில் அமெரிக்கச் சபை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூன் நடுவோடு பாட்டுக்குழுவுக்கு விடுமுறை, அங்கிகள் அலமாரியில் தொங்கும். காலை இரண்டு ஆராதனை பத்து மணிக்கு ஒன்றாகச் சுருங்கும். போதகர் லீவில் போவார். ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் வந்து, இருபது வருடத்துக்கு முந்தைய பிரசங்கத்தைத் தூசி தட்டுவார். பிள்ளைகள் மான்ட்ரீட் மலை முகாமில், பெரியவர்கள் பாதிப் பேர் கடற்கரையில். காணிக்கைத் தட்டு லேசாகிவிடும். மீதி இருக்கிற நாற்பது பேரின் பேச்சை வைத்துச் சபை எங்கே போகிறது என்று கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். எங்கள் செஷன் ஜூலையில் கூடுவதே இல்லை. எங்கள் பார்க்கிங் நிரம்பி வழிவதும் அந்த மாதம்தான்.

அதனால், பதவி வேண்டாம் என்ற கடிதத்தை இப்போது எழுதாதீர்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் பள்ளிக்கூடம் திறந்து, பாட்டுக்குழு திரும்பி வந்தபிறகு எழுதிக்கொள்ளலாம்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். 2024 கோடையில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய 226ஆவது ஜெனரல் அசெம்பிளி, அதாவது நம் டினாமினேஷனான பி.சி.யு.எஸ்.ஏ.வின் உச்ச மன்றம், சட்டப் புத்தகத்துக்கு இரண்டு திருத்தங்களை அனுப்பியது. யாரிடமும் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்லும் பத்தியில் இனம், வயது, ஊனம் முதலிய பட்டியலோடு பாலின அடையாளத்தையும் பாலின ஈர்ப்பையும் சேர்ப்பது ஒன்று. மூப்பரையும் போதகரையும் பரிசோதிக்கும்போது இந்தக் கொள்கையைப் பற்றியும் கேட்பது இன்னொன்று. அசெம்பிளி சொன்னதாலேயே அது சட்டமாகிவிடாது. பிரஸ்பிட்டரிகளில், அதாவது அந்தந்த வட்டாரச் சபைகளுக்கு மேலுள்ள மன்றங்களில், பெரும்பான்மை ஒப்புக்கொள்ள வேண்டும். 2025இல் ஒப்புக்கொண்டன. உங்கள் பார்க்கிங் சூடு அங்கிருந்து வருகிறது.

உங்களைப் பரிசோதிக்கப்போவது யார்? உங்களோடு பாத்திரம் கழுவிய பத்துப் பன்னிரண்டு பேர். விடைத்தாள் அவர்களிடமும் இல்லை. 'இன்னும் முடிவுக்கு வரவில்லை' என்பதுதான் உண்மை என்றால் அதையே சொல்லுங்கள். கூடவே, இந்தச் சபையில் யார் வந்தாலும் அவர்களுக்கு மூப்பராக நடந்துகொள்ள உங்களால் முடியுமா என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். முடியாது என்று உள்ளுக்குள் தோன்றினால் அதை மறைத்துக்கொண்டு பதவி ஏற்காதீர்கள். இப்படி வாய்விட்டுச் சொல்வது இந்தச் சபைக்குப் புதிதல்ல. 1729இல் பிலடெல்பியா சினாட் என்ற மேல்மன்றம் கூடி, போதகர்கள் எல்லோரும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும் என்று தீர்மானித்தபோதே, 'யாருக்காவது இதில் ஏதாவது ஓர் இடத்தில் மனத்தடை இருந்தால் வெளிப்படையாகச் சொல்லட்டும், அது அடிப்படையைத் தொடுகிறதா என்று பிரஸ்பிட்டரி பார்க்கட்டும்' என்றும் சேர்த்தே வைத்தார்கள். கிட்டத்தட்ட முந்நூறு வருட வழக்கம்.

பிரதிஷ்டையன்று உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளை இப்போதே ஒருமுறை வாசித்துவிடுங்கள். சபையின் சமாதானம், ஐக்கியம், தூய்மை மூன்றையும் வளர்ப்பீர்களா என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். உங்கள் பார்க்கிங்கில் ஒரு வட்டம் ஐக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இன்னொன்று தூய்மையை. சமாதானத்தை யார் காரில் ஏற்றினார்கள் என்று தெரியவில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு: உடன் ஊழியர்களுக்கு நண்பராக இருப்பீர்களா? எல்லோரும் சட்டென்று 'ஆம்' சொல்லிவிடும் கேள்வி அது. செஷனில் ஆறு வருடம் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கஷ்டம்.

என் கட்சி எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யோசித்திருப்பீர்கள். எங்கள் பிரஸ்பிட்டரிக்கு நான் இரண்டு தடவை வாக்களிக்கப் போனேன். 2011இல் ஊழியர்களின் தகுதி பற்றிய 10-ஏ திருத்தம், 2015இல் திருமணத்தின் விளக்கம் பற்றிய 14-எஃப். ஒரு தடவை ஒரு பக்கமும் மறு தடவை மறுபக்கமும் போட்டேன். எந்த வருடம் எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் காப்பியடிப்பீர்கள். இரண்டு தடவையும் எங்கள் சபையின் இன்னொரு மூப்பர் எனக்கு நேர் எதிராக வாக்களித்தார். எழுபது மைல், ஒரே கார், அவருடையது. வாக்குகளை எண்ண ஆரம்பிக்கும் முன்பே, கூட்டத்தை நடத்திய மாடரேட்டர் சொல்லிவிட்டார்: முடிவு எதுவானாலும் யாரும் கைதட்டக்கூடாது. அப்புறம் ஜெபம். யாரும் கைதட்டவில்லை. எனக்குப் பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜெயித்தவரா தோற்றவரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது வழியில் காபி குடித்தோம், காசு அவர்தான் கொடுத்தார்.

அங்கே பேசுவதற்கும் பார்க்கிங்கில் பேசுவதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே பேச எழுந்தால் உங்களுக்கென்று இத்தனை நிமிடம், எதிர்த்துப் பேசுகிறவருக்கும் அத்தனை நிமிடம், எழுதிக்கொள்ள ஒரு கிளார்க். சொன்னது பதிவாகும் என்று தெரிந்தால் மனுஷன் பாதியைத்தான் சொல்வான், அந்தப் பாதிதான் உண்மையும்கூட. ஆகவே யாராவது வெயிலில் நிறுத்தி, 'நீ எந்தப் பக்கம்?' என்றால், 'செஷனில் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் சீட் பெல்ட்டைப் போடுங்கள்.

'விட்டே போய்விடலாம்' என்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். மனச்சாட்சிக்குப் பயந்து பேசுகிறவர்கள் அவர்களில் நிறைய. உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் எழுத்தில் கேட்டால் செஷன் சபைக் கூட்டத்தைக் கூட்டியே ஆகவேண்டும். அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு சபை தானாக வாக்கெடுத்து வெளியேறிவிட முடியாது. விடுவிப்பது பிரஸ்பிட்டரியின் கையில். இதைப் பார்க்கிங்கில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெளியேறப் பார்த்த ஒரு சபையின் கதை சொல்கிறேன். ஜார்ஜியாவில், மேக்கன் ஊரில், வைன்வில் பிரஸ்பிட்டேரியன் சபை. 1973இல் கூட்டம் போட்டு வாக்கெடுத்தார்கள். வெளியேற வேண்டும் என்றவர்கள் 164, கூடாது என்றவர்கள் 94. இருதரப்பும் ஒன்றாகப் பாடி, ஒன்றாகச் சவ அடக்கத்துக்குப் போன ஜனங்கள்தான். கட்டடம் யாருக்கு என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1979 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சபையார் மட்டுமா பிரிந்தார்கள், நீதிபதிகளும் 5-4 என்று பிரிந்தார்கள்! ஆனால் அந்தத் தீர்ப்பே ஒரு வழியும் சொன்னது: சொத்து யாருக்கு என்பதைச் சபைச் சட்டத்தில் முன்கூட்டியே தெளிவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று. 1983இல் வடக்குச் சபையும் தெற்குச் சபையும் இணைந்து உண்டான நம் டினாமினேஷனின் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. நீங்கள் உட்காரும் பெஞ்சு, ஐஸ்கிரீம் சுற்றும் அந்தப் பழைய மர வாளி உட்பட எல்லாம், சட்டப்படி உங்கள் சபை முழு டினாமினேஷனுக்காகத் தன் பொறுப்பில் (டிரஸ்டாக) வைத்திருப்பது. மாநிலத்துக்கு மாநிலம் நீதிமன்றங்கள் இதை வேறு வேறு விதமாகப் பார்க்கின்றன என்பதால், 'கட்டடம் நமக்குத்தான்' என்று அடித்துச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள், 'ஒரு செங்கல்கூடக் கிடைக்காது' என்கிறவரையும் நம்பாதீர்கள்.

இந்தச் சபைக் குடும்பம் பிரிவதில் கைதேர்ந்தது. 1741இல் பிரிந்து 1758இல் சேர்ந்தார்கள். 1837இல் பிரிந்து 1869இல் சேர்ந்தார்கள். 1861இல் உள்நாட்டுப் போர் வந்தபோது தெற்குச் சபைகள் போனதுதான் நீளம். 1983 ஜூனில் அட்லாண்டாவில் திரும்பிச் சேர 122 வருடம் ஆயிற்று. அந்த இடைவெளிக்குள்ளேயே 1973இல் இன்னொரு கிளை தனியாகப் போனது. 2012இல் மற்றொன்று. கரோலினாக்களில் பல குடும்பங்களில் அண்ணன் ஒரு கிளை, தம்பி ஒரு கிளை. நன்றி சொல்லும் நாள் (தேங்க்ஸ்கிவிங்) வான்கோழி மட்டும் பொது.

உங்கள் தாத்தா கதை இங்கேதான் சேர்கிறது. உங்கள் பக்கத்தில் வேலை செய்த ஆற்காடு மிஷன், ஸ்கடர் குடும்பத்தார் வந்த அமெரிக்க ரிஃபார்ம்ட் சபையினுடையது. அதுவும் மூப்பர்கள் சேர்ந்து ஆளும் முறைதான். அந்தச் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் வந்தன. அப்புறம் ஆங்கிலிக்கன்காரர்களோடு பேச்சு. அவர்களுக்கு பிஷப் இல்லாமல் சபை இல்லை. இவர்களுக்கோ பிஷப் என்றாலே சந்தேகம். 1919இல் தரங்கம்பாடியில் ஆரம்பித்த பேச்சு 1947 செப்டம்பர் 27இல், சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் முடிந்தது. 28 வருடம்! நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற சி.எஸ்.ஐ. சபை அப்படிப் பேசிப் பேசி உண்டானது. உங்கள் தாத்தாவை 1947க்குப் பிறகும் ஊர் எல்டர் என்றே கூப்பிட்டிருக்கிறது என்றால், மரியாதை சட்டப் புத்தகத்தைப் பார்த்து வருவதில்லை போலும்.

கணவருக்கு ஒரு வார்த்தை. தமிழில் பாடி, தமிழில் ஜெபித்து, அப்புறம் இட்லி சாப்பிடும் ஆசை எனக்கும் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை நானும் போகிறேன். ஆனால் சண்டைக்குத் தப்பிக்க அங்கே போகலாம் என்றால் சிரிப்பு வருகிறது. நான் போய்வந்த ஒரு தமிழ் ஐக்கியம், கீர்த்தனையா கோரஸா என்று கேட்டு இரண்டாகி, பிறகு தபேலா யாருக்கு என்று மூன்றானது.

தோழியிடம் நீங்களே பேசிவிடுங்கள், செப்டம்பருக்கு முன்னால். வேறொருவர் வாயிலிருந்து அவளுக்குப் போகக்கூடாது. எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டாம், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். வி.பி.எஸ். முடிந்த சாமான் அறையை இன்னும் யாரும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள், எல்லாச் சபையிலும் அப்படித்தான். காய்ந்த பசை பாட்டில்கள், பாதி வண்ணம் தீட்டிய ஐஸ் குச்சிகள், கார்ட்போர்டு பேழை. அவளைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக ஒதுக்குங்கள். கை வேலையில் இருக்கும்போது சொல்லுங்கள்: 'நான் மூப்பராகப் போகிறேன். எனக்கு இன்னும் எல்லாம் தெளிவாகவில்லை. நீ போனாலும் இருந்தாலும் அடுத்த ஜூனில் இந்த மேஜைக்கு நீ வரவேண்டும்.' அவள் அழலாம், கோபப்படலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகலாம். பியானோ டீச்சரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். மாதச் சம்பளத்தை நேரத்துக்குக் கொடுங்கள், போதும்.

ஆகஸ்ட் பாட்லக்குக்குப் போகாமல் இருப்பதா? ராணிப்பேட்டைக்காரி நீங்கள். பிரியாணியைக் காரம் பாதியாகக் குறைத்துக் கொண்டுபோங்கள், அவர்கள் அதற்கே தண்ணீர் தேடுவார்கள். முடிந்தால் ஆற்காட்டு மக்கன் பேடாவும் செய்யுங்கள். ஆனால் உள்ளே முந்திரி, பாதாம் இருக்கிறது என்று சீட்டு எழுதித் தட்டுக்கு முன்னால் வைத்துவிடுங்கள். நட்டு அலர்ஜிக்காரர்கள் இரண்டு வட்டத்திலும் இருப்பார்கள்.