எண்ணலாமா, எண்ணக் கூடாதா? ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நபர், இடம், பொருள் ஆகியவற்றின் பெயரே நவுன் என்று பள்ளியில் படித்தோம். 'அரைவல்', 'டிசிஷன்' எல்லாம் செயல்கள்தானே? அவற்றை ஏன் நவுன் என்கிறார்கள்? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விருதுநகர்)

பள்ளியில் சொன்னது ஆறாம் வகுப்புக்குப் போதும், அதற்கு மேல் கைகொடுக்காது. ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதை விடுங்கள். வாக்கியத்தில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முன்னால் 'எ', 'தி', 'மை' போன்றவை வருமா? எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ நிற்குமா? அப்படியென்றால் அது நவுன். 'ஹிஸ் அரைவல்' என்று சொல்லலாம், 'ஹிஸ் அரைவ்' என்று சொல்ல முடியாது. 'வாக்' என்ற ஒரே சொல் 'வி வாக் டெய்லி' என்பதில் வினை. 'லெட்ஸ் கோ ஃபார் எ வாக்' என்பதில் பெயர்.

நம் இலக்கணிகள் இதில் எப்போதோ தெளிந்துவிட்டார்கள். வேற்றுமை உருபை ஏற்கும், காலம் காட்டாது. தமிழில் பெயருக்கு அதுதான் அடையாளம். 'ஓடுதல்' செயல்தான். ஆனாலும் 'ஓடுதலை', 'ஓடுதலால்' என்று உருபு ஏற்கிறது. ஓட்டம் நேற்றா நாளையா என்று காட்டுவதில்லை. ஆகவே தொழிற்பெயர். (வினையாலணையும் பெயர் மட்டும் காலமும் காட்டும், அது தனிக்கதை.) 'டிசிஷன்', 'ஸ்விம்மிங்' இரண்டையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கேள்வி: 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று மின்னஞ்சலில் எழுதினால் மேலாளர் அடித்துத் திருத்துகிறார். நாற்காலியை எண்ண முடிகிறதே, ஃபர்னிச்சரை ஏன் எண்ணக் கூடாது? (தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

மேலாளர் பக்கம்தான் நியாயம். ஆனால் உங்கள் சந்தேகமும் நியாயமானதே.

தமிழில் 'பத்து மாடு நின்றது' என்றாலும் 'பத்து மாடுகள் நின்றன' என்றாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அஃறிணையில் 'கள்' போடுவது பெரும்பாலும் நம் விருப்பம். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்று ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக வரும் இத்தகைய சொல்லை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. எண்ணத்தக்கதா இல்லையா, எண்ணத்தக்கதென்றால் ஒன்றா பலவா என்று சொல்லாமல் ஒரு நவுன் வாக்கியத்துக்குள் நுழைய முடியாது. 'ஐ பாட் சேர்' என்று மொட்டையாக விட்டால் காது கூசும். 'எ சேர்', 'தி சேர்', 'சேர்ஸ்' என்று ஏதாவது ஒரு கோலத்தில்தான் வர வேண்டும். நவுனில் நாம் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன.

எண்ணலாமா என்பதைப் பொருள் முடிவு செய்வதில்லை, சொல்தான் முடிவு செய்கிறது. நாற்காலியை எண்ணலாம், 'ஃபர்னிச்சர்' என்ற சொல்லை எண்ண முடியாது. கோதுமைக்கு 'வீட் இஸ்', ஓட்ஸுக்கு 'ஓட்ஸ் ஆர்'. இரண்டும் தானியம்தான், இரண்டையும் மணி மணியாக எண்ணலாம்தான். தர்க்கம் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். ஆங்கிலேயர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். பட்டாணிக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'பீஸ்'. அது ஒருமைச் சொல். கடைசியில் ஒலிக்கும் 'ஸ்' பன்மை விகுதி என்று நினைத்துக்கொண்டு, 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அதை வெட்டிவிட்டு 'பீ' என்று புது ஒருமையை உண்டாக்கினார்கள். இன்று அதுதான் சரியான ஆங்கிலம்!

ஆகவே சில சொற்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை: ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், லக்கேஜ், அட்வைஸ், ஹோம்வொர்க், ட்ராஃபிக். இவற்றுக்கு 'எஸ்' கிடையாது, முன்னால் 'மெனி'யும் கிடையாது, 'மச்' மட்டுமே. எண்ணிச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' எனலாம். அலுவலகக் கடிதத்தில் 'ஃபோர் டேபிள்ஸ் அண்ட் டென் சேர்ஸ்' என்று நேரடியாக எழுதிவிடுவது இன்னும் நல்லது.

இரண்டு பக்கமும் கால் வைக்கும் சொற்களில்தான் கவனம் தேவை. 'ஐ லைக் சிக்கன்' என்றால் தட்டில் இருக்கும் கறி பிடிக்கும். 'ஐ லைக் சிக்கன்ஸ்' என்றால் முற்றத்தில் மேயும் கோழிகள் பிடிக்கும். 'ஹேர்' என்றால் தலைமுடி முழுவதும். 'எ ஹேர்' என்றால் சாம்பாரில் கிடக்கும் அந்த ஒற்றை முடி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'எக்ஸ்பீரியன்ஸஸ்' என்று எழுதாதீர்கள். அது வாழ்க்கையில் பட்ட அனுபவங்களைக் குறிக்கும். பணி அனுபவத்துக்கு 'எக்ஸ்பீரியன்ஸ்' போதும்.

கேள்வி: 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்', 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்': எது சரி? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

இரண்டாவது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'என் நண்பர்களில் ஒருவர்'. 'என் நண்பரில் ஒருவர்' என்று சொல்வீர்களா? வினை மட்டும் 'ஒன்' என்பதற்கேற்ப ஒருமையில் வரும்: 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்'.

கேள்வி: கிரிக்கெட் வர்ணனையில் 'இந்தியா ஆர் 150 ஃபார் 3' என்கிறார்கள். இந்தியா ஒன்றுதானே, 'இஸ்' அல்லவா வர வேண்டும்? (ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்)

அங்கே இந்தியா என்பது நாடு அல்ல, பதினொரு ஆட்டக்காரர்கள். குழுவைக் குறிக்கும் பெயரைப் பன்மையாக நடத்துவது பிரிட்டிஷ் வழக்கம். கிரிக்கெட் ஆங்கிலம் அங்கிருந்து வந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் 'தி டீம் இஸ்' என்றே எழுதும். நாட்டைச் சொல்லும்போது எங்கும் 'இந்தியா இஸ் எ ரிபப்ளிக்'தான்.

தேர்வு எழுதுபவர்கள் பழைய விதியைப் பிடித்துக்கொள்ளலாம்: குழு ஒரே ஆளைப் போல் செயல்பட்டால் ஒருமை, உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கம் போனால் பன்மை. 'போலீஸ்' மட்டும் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பன்மை: 'தி போலீஸ் ஆர்'. நம் ஊரில் 'போலீஸ் இஸ் கமிங்' என்று எழுதாதவர் குறைவு. 'நியூஸ்' நேர்மாறு; 'எஸ்' இருந்தும் 'இஸ்'தான்.

கேள்வி: கப்பலுக்கு 'ஷி' போட வேண்டுமா? ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்குப் பால் உண்டா? (தூத்துக்குடி வாசகர்)

இப்போது இல்லை, ஒரு காலத்தில் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் மூன்று பால்கள். சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். இன்றைய 'வைஃப்' என்பதன் மூலச்சொல்லோ, பெண் என்று பொருள்பட்டும் இரண்டிலும் சேராத மூன்றாவது பிரிவில் இருந்தது. பொருளைப் பார்த்துத் திணையும் பாலும் பிரிக்கும் தமிழனுக்கு அது விநோதமாகத்தான் படும். அந்தப் பால்களெல்லாம் உதிர்ந்து இன்று 'ஹி', 'ஷி', 'இட்' மட்டும் மிச்சம். கப்பலுக்கு 'ஷி' போடுவது மாலுமிகளின் மரபு. கப்பல் துறையின் பழம்பெரும் நாளேடான லாய்ட்ஸ் லிஸ்ட்டே 2002இல் 'இட்' என்பதற்கு மாறிவிட்டது. நீங்களும் தாராளமாக மாறலாம்.

கேள்வி: 'டென் ருப்பீஸ் நோட்' சரியா? (மளிகைக் கடைக்காரர், சிவகாசி)

'டென் ருப்பீ நோட்'. ஒரு நவுன் இன்னொரு நவுனுக்கு அடைமொழியாக முன்னால் நின்றால் பெரும்பாலும் பன்மையைக் கழற்றிவிடும்: 'ஷூ ஷாப்', 'ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்', 'டூ இயர் ஓல்ட் பாய்'. நாமும் பத்து ரூபாய் நோட்டு, செருப்புக் கடை என்றுதானே சொல்கிறோம்? 'ஸ்போர்ட்ஸ் டே', 'சேல்ஸ் மேனேஜர்' போன்ற சில மட்டும் 'எஸ்' போட்டே பழகிவிட்டன. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.